தொண்டைக்காரர்

எங்கள் பழமண்டியில் ஏலம் தொடங்க மணி அடிப்பதில்லை. ஒரு மனிதர் குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அறுத்து, ஒரு துண்டை வாயில் போடுவார். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அவருடைய தொண்டையையே பார்ப்பார்கள். விழுங்கினால் ஏலக்காரர் கத்த ஆரம்பிப்பார். துப்பினால் அந்தக் குவியல் ஓரமாக ஒதுக்கப்பட்டு, சாறு பிழியும் கம்பெனிக்காரர் சொன்ன விலைக்குப் போகும். பாதி விழுங்கல், முக்கால் விழுங்கல் என்றெல்லாம் கிடையாது.

அந்த மனிதருக்கு மண்டியில் தொண்டைக்காரர் என்று பெயர். எனக்கு அவர் அக்கா வீட்டுக்காரர். நான் அதே மண்டியில் எடை போடுகிறவன். தராசு காட்டுவதை மட்டும் நம்பிப் பழகியவன் என்பதால், ஒருவருடைய நாக்கை நம்பி இத்தனை பேர் பிழைப்பு நடத்துவதைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. இன்னும் முழுசாக அடங்கவில்லை.

இந்த வழக்கம் சும்மா வந்துவிடவில்லை. அத்தானுக்கு முன்னால் இருந்த ருசிக்காரர்கள் வாயைத் திறந்து பேசினார்கள். 'தேன்' என்பார்கள், 'பரவாயில்லை' என்பார்கள். ஒருநாள் ஒருவர் ஒரு பேரிக்காய்க் குவியலைப் பார்த்து 'சுமார்' என்று சொல்லிவைத்தார். விற்கிறவர் அதை ஒரு மாதிரி எடுத்துக்கொண்டார், வாங்குகிறவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, நடுவில் விலக்கப் போன ஒரு அப்பாவியின் பல் போனது. அதோடு, ருசிக்காரர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்ற பேச்சும் கிளம்பியது. கடைசியில் மண்டிக்காரர்கள் கூடி, இனி ருசி பார்க்கிறவர் ஏல மேடையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது, தொண்டை பேசினால் போதும் என்று முடிவு கட்டினார்கள். வாய் பொய் சொல்லும், தொண்டைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

அத்தான் அந்த மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவர். தூக்குகிற பெட்டியில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதுகிலிருந்து இறக்குவதற்குள் சொல்லிவிடுவார். அதில் மாயம் ஒன்றும் இல்லை, மூக்குதான். பழைய ருசிக்காரர் பல் பிரச்சினையால் ஒதுங்கியபோது இவரை மேடையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

அவருக்குப் பழங்கள் இரண்டே ஜாதி. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா எல்லாம் மரத்தை விட்டு வந்த பிறகும் பழுக்கிறவை. அவற்றுக்கு அவர் கொஞ்சம் இரக்கம் காட்டுவார், இன்றைக்கு நாக்கில் ஒட்டாதது நாளன்றைக்குச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு விழுங்குவார். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி எல்லாம் பறித்தபோது எப்படியோ கடைசிவரை அப்படியேதான். அவற்றிடம் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

ஒவ்வொன்றிலும் எங்கே கை வைக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தனிப் பிடிவாதம் உண்டு. திராட்சைக் கொத்தில் அடி நுனியில் தொங்கும் கடைசிப் பழத்தைத்தான் பறித்து வாயில் போடுவார். அதுதான் கடைசியில் பழுக்கும், அது இனித்தால் மேலே இருப்பதெல்லாம் இனிக்கும். அன்னாசியில் அடிப்பக்கம் சர்க்கரையாக இருக்கும் என்பதால் வேண்டுமென்றே தலைப்பக்கத்தில் அறுப்பார். மாதுளை உருண்டையாக வழவழவென்று இருந்தால் முகம் சுளிப்பார், பக்கங்கள் தட்டையாகி மூலை மூலையாக இருந்தால்தான் உள்ளே முத்து நிறைந்திருக்கிறது என்பார். சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பச்சை தெரிந்தால் அறுக்காமலே தள்ளி வைத்துவிடுவார். தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கதவத் தட்டுனா உள்ள ஆள் இருக்கான்னு தெரியும். நல்லவனா கெட்டவனான்னு தெரியுமா?" என்பார்.

இதெல்லாம் மேடைக்கு வெளியே, டீ குடிக்கும்போது பேசுவது. மேடையில் அவர் ஊமை. வீட்டிலோ பழத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார். உப்பும் காரமுமாக இருந்தால்தான் சோறு இறங்கும். அக்கா ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பாள்.

"மண்டியில வேல பாக்கறவரக் கட்டிக்கிட்டேன்னு ஊரே பொறாமப்பட்டுச்சு. என் வீட்டுல ஒரு வாழப்பழம் கண்ணுல பட்டிருக்கா?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு பழப்பெட்டியின் ஆணி குறுக்கே வந்தது. அத்தானுடைய இடது காலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீறியது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். புண் ஆறவில்லை. மஞ்சள் பூசினார், மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினார், அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்கா அவரை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. என்ன வேல பாக்கறீங்க?"

"பழம் சாப்பிடற வேல," என்றார் அத்தான்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு அக்காவைப் பார்த்தார். "இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?"

"உண்மையத்தான் சொல்றாரு டாக்டர்," என்றாள் அக்கா. பிறகு மண்டி வழக்கத்தை அவள் சொல்ல, விட்டுப்போனதை நான் சொல்ல, டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, மென்னுட்டுத் துப்பிடுங்க. ருசி தெரிஞ்சாப் போதும்ல?"

"துப்புனா பழம் நல்லால்லன்னு அர்த்தம்."

"அப்ப எல்லார்கிட்டயும் விஷயத்தச் சொல்லிடுங்க."

"அங்க எனக்குப் பேச அனுமதி இல்ல டாக்டர். சர்க்கரைன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் என் தொண்டைய யாரு நம்புவா? நல்லா இருந்தும் பயந்து துப்பிட்டான்னு விக்கறவன் சொல்லுவான்."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். புண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். இன்னும் உள்ளே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றும், அதற்குப் பிறகும் பழம் சாப்பிட்டால் விரலோடு நிற்காது என்றும் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வெளியே வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் பிழைப்பு தலைகீழானது. மோசமான பழம் வந்தால் நிம்மதி, நல்ல பழம் வந்தால் ஆபத்து. காலையில் செருப்பை மாட்டும்போதே, "இன்னைக்கு வர்றதெல்லாம் புளிக்கணும்" என்று முனகிக்கொண்டு கிளம்புவார். ஒருநாள் ஒரு சீத்தாப்பழக் குவியல் வந்தது. கண்களெல்லாம் விரிந்து, இடுக்குகள் வெளுத்து, தொட்டாலே பிளந்துகொள்ளும் பதம். ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு நீண்ட நேரம் நின்றார். துப்பிவிடப் போகிறார் என்று நான் நினைத்தேன், துப்பினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் பழக்காரரைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் அந்த ஆள். அத்தான் விழுங்கிவிட்டார்.

வேலையை விட்டுவிடலாம்தான். அந்த வயசில் மறுபடி மூட்டை தூக்க முடியாது. அதோடு, சொல்லிக்கொள்ள மாட்டாரே தவிர, இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் தொண்டையைப் பார்க்கிற சுகம் அவருக்குத் தேவைப்பட்டது. மேடையிலிருந்து இறங்கிவிட்டால் அவர் வெறும் அக்கா வீட்டுக்காரர்தான்.

வழி கண்டுபிடித்தவள் அக்கா. பழத்துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு எச்சிலை மட்டும் விழுங்கினால் என்ன? தொண்டை ஏறி இறங்குவது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதானே? முகக்கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்தாள். வெள்ளரிக்காயை நறுக்கிக் கொண்டுவந்தாள். தான் வாங்குகிறவர், நான் விற்கிறவர் என்று எதிரே உட்காரவைத்தாள்.

"கன்னம் வீங்குதுங்க. மாட்டிக்குவீங்க."

"இப்ப?"

"இப்பக் குரங்கு மாதிரி இருக்கு."

"சின்னத் துண்டா குடு, அப்புறம் பேசு."

சில நாட்களில் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததில்லை. ருசி பார்ப்பது நாக்கு, வயிற்றுக்கு அதில் வேலை இல்லை. பழத்தைப் பற்றி அவர் தொண்டை சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வெறுமே ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

அக்கா அவருக்கு ஒரு கைக்குட்டையும் தைத்துக் கொடுத்தாள். உள்பக்கம் மழைச்சட்டைத் துணி வைத்து, ஒரு ஓரத்தில் பை மாதிரி மடித்தது. வாயைத் துடைப்பதுபோல் துடைத்தால் துண்டு பைக்குள் போய்விடும், ஈரம் வெளியே கசியாது. ஜன்னலுக்குத் திரை போடுகிறவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

இதற்குப் பிறகு அத்தானிடம் பழங்களைப் பற்றி இரண்டாவதாக ஒரு ஞானம் சேர்ந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் பயன்படாத ஞானம். எந்தப் பழம் கன்னத்தில் எத்தனை நேரம் நிற்கும் என்பதுதான் அது. கொய்யாவும் ஆப்பிளும் தங்கக் கம்பிகள், வைத்த இடத்தில் இருக்கும். திராட்சையை லேசாக நசுக்கிவிட்டு முழுசாக ஒதுக்கிக்கொள்ளலாம். ஆரஞ்சுச் சுளை தோலோடு நிற்கும், ஆனால் பல் படக்கூடாது. மாதுளை முத்துகள் சிதறி ஓடும், நாக்குக்கு அடியில் தள்ள வேண்டும். பப்பாளி நம்ப முடியாத ஆள். சப்போட்டா மணல் மாதிரி கரைந்துவிடும். எல்லாவற்றிலும் பயங்கரம் மாம்பழம். நன்றாகப் பழுத்த மாம்பழம் யாரையும் கேட்காமல் தானாகவே உள்ளே போகிறது என்பார். அதற்காக அவர் தோலை ஒட்டிக் கெட்டியான இடத்தில் ஒரு சீவல் எடுத்துக்கொள்வார்.

புண் காய ஆரம்பித்தது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். அக்கா கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி மாலையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

மாம்பழக் காலத்தில் மாந்தோட்டம் வைத்திருக்கிற ஒரு அம்மா வந்தார். முன்பெல்லாம் நார் நிறைந்த சின்னப் பழங்களைக் கொண்டுவந்து சாறு கம்பெனிக்காரருக்கே போட்டுவிட்டுப் போகிறவர். பிறகு தோட்டத்து மரங்களை எல்லாம் இடுப்பளவுக்கு வெட்டி, எங்கிருந்தோ ஒரு புதுரகக் குச்சியைக் கொண்டுவந்து ஒட்டுக் கட்டியிருந்தார். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவே இல்லையாம். இருந்ததையும் கெடுத்தாய் என்று, காய்க்காத அத்தனை வருஷமும் சொல்லிக்காட்டியிருக்கிறார். இது முதல் காய்ப்பு. சரியாக வராவிட்டால் மரங்களை அடியோடு அறுத்துவிட்டு நிலத்தை வேறு எதற்காவது விடுவது என்று அவர்களுக்குள் பேச்சு. இதையெல்லாம் என் தராசுப் பக்கம் நின்றுகொண்டு அந்த அம்மாவேதான் சொன்னார். பதற்றத்தில் இருக்கிறவர்கள் எடை போடுகிறவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழம் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். கூடையைத் திறந்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏம்மா, மரத்துல கொஞ்சம் விட்டு வச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார் பெரிய கடைகளுக்கு வாங்குகிறவர்.

"பழுத்ததுதாங்க. நெறமே அதான்," என்றார் அந்த அம்மா.

அத்தான் ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தார். வழக்கம்போலத் தோலை ஒட்டிக் கெட்டியான இடம் தேடினார். அந்த ரகத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. தோல் காகிதம் மாதிரி, அதற்கு உள்ளே ஒரே செங்காவி நிறம். ஒரு சீவலை வாயில் வைத்தார். அவர் கண் ஒரு கணம் மூடித் திறந்ததை நான் பார்த்தேன், அது மேடையில் அவர் செய்யாத காரியம். தொண்டை ஏறி இறங்கியது. அவ்வளவுதான், ஏலக்காரர் பிடித்துக்கொண்டார். சிரித்தவர்களே போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். பெரிய கடைக்காரர் அத்தனை கூடைகளையும் அள்ளிக்கொண்டு போனார்.

அத்தான் கைக்குட்டையை எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லை. விடுவிடுவென்று கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் போனார். வாயிலிருந்த அத்தனையையும் சாக்கடையில் துப்பி, கொப்பளித்து, மறுபடி மறுபடி கொப்பளித்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு இனிப்பை நாக்கு கண்டதில்லை என்று அன்று மாலை என்னிடம் சொன்னார். கரைந்து தானாக இறங்கியதாம். பயந்துவிட்டாராம். இனிப்பு அளவுக்கு மீறி இருந்ததால்தான் அந்த ஓட்டம்.

நன்றி சொல்வதற்காகப் பின்னாலேயே போன அந்த அம்மா இதைப் பார்த்துவிட்டார். ஆனால் ஒரு சத்தமும் போடாமல் திரும்பி நடந்துவிட்டார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி வந்தார். கையில் ஒரே ஒரு கூடை. அதை மேடைக்குக் கொண்டுபோகாமல் என் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க பண்ணின உதவிய உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"என்ன உதவிம்மா?"

"நீங்க துப்புனத நான் பாத்துட்டேண்ணே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சதுல எனக்காக மனசு எரங்கி, தொண்டைய அசைச்சுக் காட்டிட்டீங்க. அப்புறம் பொறுக்க முடியாமப் பின்னாடி போயி மூணு தடவ வாயக் கொப்பளிச்சீங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம பழம் நம்ம வாய்க்கு நல்லாத்தான் இருக்கும், அத நம்பி என்ன பண்றது? வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், அவரு சொன்னதே சரின்னு. இன்னைக்கு மரம் அறுக்கற ஆளுங்க தோட்டத்துக்கு வந்திருக்காங்க. இது கடைசிக் கூட. இதச் சாறுக்காரருக்கே போட்டுடறேன். உங்கள மறுபடி பொய் விழுங்க வைக்க எனக்கு மனசு வரல."

அத்தானுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. சர்க்கரை விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதை மறந்துவிட்டார்.

"அய்யோ, இல்லம்மா. எனக்குச் சர்க்கர. அதான் துப்பினேன். எந்தப் பழத்தையும் நான் இப்ப விழுங்கறதில்ல."

அந்த அம்மா சிரித்தார். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவரைப் பார்த்து அழுகிறவர் சிரிக்கும் சிரிப்பு. "நல்ல மனசுண்ணே உங்களுக்கு. இதுக்காக ஒரு வியாதியையும் சேத்துச் சொல்லணுமா?"

"சத்தியமா இனிப்பும்மா. நான் தின்னதுலயே இதான் இனிப்பு."

"உங்க வாய்ச்சொல்ல யாருண்ணே கேட்டா? உங்க நாக்கு என்ன சொல்லுச்சுன்னு கண்ணால பாத்துட்டேனே."

மண்டிச் சட்டப்படி அந்த அம்மா சொன்னது நியாயம். நானும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், எடை போடுகிறவன் ருசியைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள்? அத்தான் என் முகத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

ஏலம் தொடங்கப் போகும் நேரம். எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் கத்தியை எடுக்கவில்லை. ஒரு பழத்தை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டு, தோலைப் பல்லால் உரித்துக் கடித்தார். மென்றார். விழுங்கினார். மறுபடி கடித்தார். சாறு முழங்கை வழியாக வழிந்து சட்டையில் சொட்டியது. கொட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்த சதையைப் பற்களால் வழித்தார். மாதக்கணக்கில் தினமும் பழத்தை வாயில் வைத்தும் பழம் சாப்பிடாத மனிதர். அக்கா பார்த்திருந்தால் நெஞ்சிலடித்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து வாய் ஊறியதையும் சொல்ல வேண்டும்.

முடித்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து அந்த அம்மாவுக்கு நேராகக் குனிந்து வாயை ஆவென்று திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். விரலை விட்டு ஒரு கன்னத்தை இழுத்துக் காட்டினார், பிறகு அடுத்த கன்னத்தை. அந்த அம்மா, மாத்திரையை உண்மையில் விழுங்கியதா என்று குழந்தையின் வாயைப் பார்ப்பதுபோல, எக்கி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

உடனே இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் கத்தின கத்தலில் ஏலக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க! மொதல்ல அந்த மெஷின நிறுத்தச் சொல்லுங்க! ஆமா, நான்தான். தின்னுட்டாரு. முழுசாத் தின்னுட்டாரு. எவ்வளவு போச்சு?"

ரோட்டோர வரிசை போய்விட்டதாம். கிணற்றுப் பக்கம் அத்தனையும் நிற்கிறதாம். அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. தூசி என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு கூடைக்கு அன்றைய மண்டியிலேயே பெரிய போட்டி நடந்தது.

அடுத்தது ஆரஞ்சுக் குவியல். கொண்டுவந்தவர் மெலிந்த ஆள், பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியிருந்தார். நல்ல பழம், தோல் மெல்லிசு, கையில் எடுத்தாலே கனம் தெரியும். அத்தான் உரித்து ஒரு சுளையை வாயில் போட்டார். தொண்டை ஏறி இறங்கியது. ஏலக்காரர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் பெரிய கடைக்காரர். "அண்ணே, அந்த அம்மாவுக்கு மட்டும் காட்டுனீங்களே. எங்களுக்கும் ஒரு தடவ காட்டுங்க."

விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஆமாண்ணே, ஆ காட்டுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது விழுங்கினால் தொண்டை இரண்டாவது தடவை ஏறி இறங்கும், அத்தனை கண்ணும் அங்கேதான் இருந்தன. அத்தான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆரஞ்சுக்காரர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இவரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தான் வாயைத் திறந்தார். இடது கன்னத்தில் சுளை அப்படியே இருந்தது.

பெரிய கடைக்காரர் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் வாங்கிய எல்லாவற்றையும் அவர் மனசுக்குள் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நல்ல பழம்," என்றார் அத்தான். மேடையில் நின்று அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுளை கன்னத்தில் இருந்ததால் குரல் கொஞ்சம் குழறியது. "எனக்குச் சர்க்கர. அதான் விழுங்கல. பழத்துல ஒரு குத்தமும் இல்ல. இனிப்பா இருக்கு, எடுங்க."

ஒரு கையும் உயரவில்லை. ஏலக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சாறு கம்பெனிக்காரரைப் பார்த்தார். அவர் ஒரு விலை சொன்னார். ஆரஞ்சுக்காரர் அத்தானைப் பார்த்தார், ஏலக்காரரைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

அத்தான் அந்தச் சுளையை நிதானமாக மென்று விழுங்கினார். அதற்குள் எல்லோரும் அடுத்த குவியலுக்கு நகர்ந்திருந்தார்கள்.